ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டாதவள்

“மிதமான கொந்தளிப்புன்னா இன்னாம்மா? கொஞ்சமா அடிச்சாலும் அடி அடிதானே?”

அலுமினிய அன்னக்கூடையை எங்கள் வீட்டு மாடிப்படியின் கீழே இறக்கிவைத்து, தலையிலிருந்த சும்மாட்டுத் துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மீன்கார அக்கா கேட்ட கேள்வி இது. கூடையில் மேலாகச் சங்கராவும் அடியில் நெத்திலியும் இருந்தன. தொண்ணூறுகளின் நடுவில் ஓர் ஆடி மாதக் காலை. அந்த ‘மிதமான கொந்தளிப்பு’ முந்தின நாள் சாயங்காலம் நானே எழுதியது. எழுதும்போது அழகாகத்தான் இருந்தது. கடல் என்றால் கொந்தளிக்கும், அதிலும் அளவு இருக்கும், அதை இரண்டே சொல்லில் அடக்கிவிட்டோம் என்று உள்ளூர ஒரு பெருமைகூட இருந்தது. படியில் உட்கார்ந்து சங்கராவின் செவுளைத் தூக்கிக் காட்டியபடி ஒரு பெண் அதைக் கேள்வியாகத் திருப்பிப் போட்டதும் பெருமையெல்லாம் பொசுக்கென்று போய்விட்டது.

அப்போது நாங்கள் அடையாறு சாஸ்திரி நகரில் ஒரு மாடிப் போர்ஷனில் குடியிருந்தோம். கல்யாணமாகி இரண்டு வருடம். நான் மயிலாப்பூர்ப் பக்கம் ஒரு வானொலிச் செய்திப் பிரிவில் தற்காலிக மொழிபெயர்ப்பாளராக இருந்தேன். பகல் இரண்டு மணிக்குப் போனால் இரவு எட்டுக்குத் திரும்புவேன். அக்கா ஊரூர் குப்பத்திலிருந்து வருகிறவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருக்கலாம். பெயர் எனக்குத் தெரியும், ஆனால் எங்கள் தெருவில் ஒருவரும் அவரைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை, இங்கேயும் நான் சொல்லப்போவதில்லை. புருஷன் இல்லை. ஒரே தம்பி, கட்டுமரத்தில் போகிறவன். அவனைத் தூக்கி வளர்த்ததே தான்தான் என்று வாரத்துக்கு ஒருமுறையாவது சொல்லிவிடுவார். ஒரு நாள் மத்தியானம் வந்து கதவைத் தட்டியும் நான் திறக்கவில்லையாம். மறுநாள் அதற்கு ஒரு சண்டை போட்டார். நான் வேலைக்குப் போன கதையைச் சொல்ல, என்ன வேலை என்று துருவ, கடைசியில் கடல் வானிலை எழுதுவது நான்தான் என்று வெளியே வந்துவிட்டது. “அந்தச் சேதி நீயா எழுதற?” என்று என்னை மேலும் கீழும் பார்த்தார். தேங்காய் திருடியவளைத் தோப்பிலேயே பிடித்துவிட்ட பார்வை அது. அதன் பிறகு வந்ததுதான் மேலே சொன்ன கேள்வி.

அந்த வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வானிலை அலுவலகத்திலிருந்து எங்களுக்கு இரண்டு தாள் வரும். ஒன்று மீனவர்களுக்கானது. பத்து வரிதான் இருக்கும், நம் ஊர்க் கடிகாரத்தின்படி மணி போட்டிருக்கும். அதைத்தான் தமிழாக்கி, மாலைச் செய்தி முடிந்ததும் வாசிக்கக் கொடுப்போம். இன்னொன்று கப்பல்களுக்கானது. அது நீளம். அந்தமான் கடலில் ஆரம்பித்து, வங்கக் கடலைக் குறுக்கே கடந்து, மன்னார் வளைகுடா, குமரிக் கடல், லட்சத்தீவு என்று போய், நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இந்தியப் பெருங்கடலில் முடியும். எங்கே காற்று எந்தத் திசையிலிருந்து வீசுகிறது, அலை எத்தனை மீட்டர், எங்கே இடிமழை, கண்ணுக்கு எத்தனை தூரம் தெரியும் என்று எல்லாம் இருக்கும். அதை நாங்கள் வாசிப்பதில்லை, கோப்பில் போட்டுவிடுவோம். ஆனால் நான் தினமும் படித்துவிடுவேன். பெசன்ட் நகர்க் கடலில் முழங்கால் நனைய நின்றதைத் தவிர எனக்கும் கடலுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. இருந்தும் மேசையில் டீக் குடித்துக்கொண்டே, ஆள் கண்படாத தண்ணீர்வெளியில் இப்போது மழை பெய்கிறது என்று படிக்கும்போது எனக்கு ஒரு சுகம். அந்தக் கப்பல் தாளில் மணியெல்லாம் கிரீன்விச் கடிகாரப்படி இருக்கும். உலகத்துக் கப்பல்களுக்கெல்லாம் பொதுவான கடிகாரம். நம் நேரம் வேண்டுமானால் அதோடு ஐந்தரை மணி நேரத்தைக் கூட்ட வேண்டும். இது அந்தப் பிரிவில் டீ கொண்டுவருகிறவருக்குக்கூடத் தெரியும்.

அக்காவுக்கு என் தமிழைவிட நான் சொல்லும் வரிசைதான் பெரிய குறையாக இருந்தது. குப்பத்தில் ரேடியோ வைத்திருப்பவர்கள் பேட்டரி தீர்ந்துபோகும் என்று சட்டென்று அணைத்துவிடுவார்களாம். நான் தென்மேற்கு வங்கக் கடல், அதை ஒட்டிய பகுதி, காற்றழுத்தத் தாழ்வு நிலை என்றெல்லாம் ஊர்வலம் போய்க் கடைசி வரியில்தான் மீனவர்களுக்கு விஷயத்தைச் சொல்கிறேனாம். அதற்குள் பாதிப் பேர் எழுந்து போய்விடுகிறார்கள். “போலாமா, வேணாமா? எத்தினி மணி வரிக்கும் வேணாம்? அத மொதல்ல சொல்லும்மா. மிச்சத்த அப்பால பாடிக்க” என்றார். நான் அதை எங்கள் பிரிவு அதிகாரியிடம் கொண்டுபோனேன். அவர் நல்ல மனிதர்தான், ஆனால் காலங்காலமாக இப்படித்தான் எழுதுகிறோம் என்று முதலில் மறுத்தார். விடாமல் ஒரு வாரம் நச்சரித்தேன். கடைசியில் என் தொல்லை தாங்காமல் சரி என்றார். ஆவணி பிறந்ததும் கடல் சேதியின் முதல் வரியே ‘மீனவர்கள் இத்தனை மணி வரை கடலுக்குச் செல்ல வேண்டாம்’ என்று வர ஆரம்பித்தது. பத்து நாள் கழித்து அக்கா ஒரு வவ்வால் மீனைக் கொண்டுவந்து முறத்தில் போட்டுவிட்டுக் காசு வாங்க மாட்டேன் என்று அடம்பிடித்தார். குப்பத்தில் இப்போது சேதியைக் கடைசி வரை கேட்கிறார்களாம். எழுதுகிற பொண்ணு எனக்குத் தெரிஞ்ச பொண்ணு, அது எழுதினால் சரியாக இருக்கும் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாராம். எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்று ராத்திரி என் வீட்டுக்காரரிடம் இதையே மூன்று முறை சொல்லியிருப்பேன்.

ஐப்பசியில் மழை பிடித்தது. தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும். மூன்று நாளாக வாடைக் காற்று ஓயவில்லை, குப்பத்தில் ஒரு கட்டுமரமும் கடலில் இறங்கவில்லை. மூன்று நாளும் முதல் வரியில் ‘செல்ல வேண்டாம்’ என்றே நான் எழுதிக்கொண்டிருந்தேன். நான்காம் நாள் மாலை மழையில் தொலைபேசிக் கம்பி எங்கோ பழுதாகி, மீனவர்களுக்கான தாள் வரவே இல்லை. கப்பல் தாள் மட்டும் மத்தியானமே வந்துவிட்டிருந்தது. அதிலிருந்தே எடுத்து எழுதிவிடுங்கள் என்றார் அதிகாரி. எனக்கு அது புதிதல்ல, முன்பும் இரண்டொரு தடவை செய்திருக்கிறேன். ஆனால் அன்றைக்கு என் நாத்தனார் தியாகராய நகரில் ஒரு புடவைக் கடை வாசலில் எனக்காகக் காத்துக்கொண்டிருந்தார். ஆறரைக்கு வருகிறேன் என்று சொல்லியிருந்தேன். தீபாவளிக் கூட்டத்தில் ரங்கநாதன் தெருவுக்குள் நுழைவதே பெரும்பாடு, அதிலும் மழை. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். அவசரக்காரியும் அந்த வகைதான். தாளில் காற்று வலுக்கும் நேரம் பன்னிரண்டு என்று இருந்தது. ஐந்தரையைக் கூட்டி, ‘மாலை ஐந்தரை முதல்’ என்று சரியாகவே எழுதினேன். எச்சரிக்கை முடியும் நேரம் பூஜ்யம் பூஜ்யம் என்று இருந்தது. பூஜ்யம் என்றால் நடுராத்திரி. கை தானாக ‘இன்று நள்ளிரவு வரை’ என்று எழுதிவிட்டது. அதோடு கூட்ட வேண்டிய ஐந்தரையைக் கூட்டவில்லை. மேசைக் கண்ணாடிக்கு அடியில் சிவப்பு மையில் ‘5.30 கூட்டுக’ என்று எழுதி வைத்திருந்ததன் மேலேதான் என் கைப்பை இருந்தது.

எழுதியதை வாசிப்பவரிடம் நீட்டிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு ஓடினேன். அவர் தாளைப் பார்த்து, நாளைக்கு எல்லாருக்கும் மீன் கிடைக்கும் போலிருக்கிறதே என்று சிரித்தார். நானும் சிரித்தேன். மயில் கழுத்து நிறத்தில் ஒரு புடவை எடுத்தேன், நாத்தனார் அரக்கு எடுத்தார். திரும்பும்போது பேருந்தில் நனைந்துகொண்டே வந்தோம். இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், அந்தச் சாயங்காலம் எனக்கு மனதில் ஒரு சின்ன உறுத்தல்கூட இல்லை. நன்றாகச் சாப்பிட்டேன், நன்றாகத் தூங்கினேன். தப்பு செய்தால் மனசாட்சி குத்தும் என்பதெல்லாம் தப்பு என்று தெரிந்த பிறகுதான்.

விடியற்காலை ஐந்து மணிக்குச் சன்னல் கதவு படபடவென்று அடித்துக்கொண்ட சத்தத்தில் எழுந்தேன். காற்று ஊளையிட்டது. மாடித் தொட்டியின் தகர மூடி எங்கேயோ பறந்து போய் விழுந்தது. நடுராத்திரியோடு நின்றுவிடும் என்றார்களே, வானிலைக்காரர்கள் வழக்கம்போலக் கோட்டைவிட்டார்கள் என்று முணுமுணுத்தபடி பாலை அடுப்பில் வைத்தேன். பால் பொங்கி வரும்வரை நின்றுகொண்டிருந்தபோது முந்தின நாள் தாளை மனதில் ஓட்டிப் பார்த்தேன். பன்னிரண்டை ஐந்தரை ஆக்கினோமே. பூஜ்யத்தை என்ன ஆக்கினோம்? பால் வழிந்து அடுப்பு அணைந்த பிறகும் அப்படியே நின்றிருக்கிறேன். கப்பல்காரர்களின் பூஜ்யம் நமக்கு நடுராத்திரி இல்லை, காலை ஐந்தரை. குப்பத்து மரங்கள் கடலில் இறங்குவது மூன்றரை மணிக்கு. வானிலைக்காரர்கள் சரியாகத்தான் சொல்லியிருந்தார்கள். கோட்டைவிட்டது நான்.

வீட்டுக்காரரை எழுப்பிச் சொல்லக்கூடத் தோன்றவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினேன். எங்கள் தெருவிலிருந்து குப்பம் கால் மணி நேர நடைதான், அன்று எவ்வளவு நேரம் ஆனதோ தெரியாது. குப்பத்துச் சந்துகளில் தண்ணீர் ஓடியது. கடற்கரையில் பெண்கள் கும்பலாக நின்றிருந்தார்கள், முந்தானை தலையைச் சுற்றி இறுகக் கட்டியிருந்தது. அலை கரையில் வந்து விழுவது தெரிந்தது, அதற்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. அக்கா கும்பலிலிருந்து விலகி, ஈர மணலில் தனியாக நின்றிருந்தார். ஐந்து மரங்கள் போயிருக்கின்றன, தம்பியும் போயிருக்கிறான் என்று பக்கத்தில் நின்ற ஒரு பெண் சொன்னாள். மூன்று மணிக்குக் காற்று கொஞ்சம் அடங்கினதாம். போகலாமா வேண்டாமா என்று ஆண்கள் இழுத்துக்கொண்டிருந்தார்களாம். ரேடியோவில் நடுராத்திரி வரைதானே சொன்னார்கள் என்று ஒருவர் சொல்ல, இறங்கிவிட்டார்களாம். நாலரை மணிக்குத் திரும்ப அடிக்க ஆரம்பித்திருக்கிறது.

நான் அக்காவிடம் போய் நின்றேன். சொல்லாமல் திரும்பிவிடலாமா என்று ஒரு நொடி தோன்றியது உண்மை. யாருக்கும் தெரியப்போவதில்லை. கடல், மழைக்காலம், எல்லாருமே கடலைத்தான் குறை சொல்வார்கள். ஆனால் அக்கா திரும்பி என்னைப் பார்த்து, நீ எதுக்கும்மா மழையில வந்த, போ என்று ஈரக் கையால் என் முகத்தைத் துடைத்துவிட்டார். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

“அக்கா, நேத்து நான் எழுதினது தப்பு. நடுராத்திரி வரைக்கும் இல்ல. காலைல அஞ்சரை வரைக்கும். நான்தான் தப்பா எழுதிட்டேன்.”

அவர் கை என் கன்னத்திலேயே இருந்தது. பிறகு மெதுவாக எடுத்துக்கொண்டார். “அவன் வேணாம்னுதான் பட்த்துக்கினு இருந்தான்” என்றார். “அந்தப் பொண்ணு எழுதிச்சின்னா சரியா இருக்கும், எழுந்து போடான்னு நான்தான் எழுப்பி வுட்டேன்.”

அவர் என்னை அடித்திருக்கலாம். அடிக்க மாட்டாரா என்றுகூட இருந்தது. அவர் மணி என்ன என்று கேட்டார். ஐந்தே முக்கால் என்றேன். அப்படியென்றால் இப்போது காற்று விட்டிருக்க வேண்டுமே என்றார். விடும், விட்டுவிடும் என்றேன். காற்று கையில் கடிகாரம் கட்டிக்கொண்டு வருவதில்லை என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். இருந்தும் அவர் கும்பலிடம் போய், இன்னும் கொஞ்ச நேரத்துல வுட்ரும், பயப்படாதீங்க என்று ஒவ்வொருத்தியிடமும் சொன்னார். யார் சொன்னது என்று சொல்லவில்லை. திரும்பி வந்து என் பக்கத்தில் நின்றார். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார், பிடித்த பிடியை விடவே இல்லை. ஆறே காலுக்குக் காற்று அடங்கியது. ஏழு மணிக்குள் நான்கு மரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்ந்தன. ஒரு வலை போயிருந்தது, ஒரு துடுப்பு உடைந்திருந்தது, ஆள்களுக்கு ஒன்றுமில்லை. அக்காவின் தம்பி போன மரம் மட்டும் வரவில்லை.

அது எட்டரை மணிக்கு வந்தது. இரண்டு பேர் துடுப்புப் போட, தம்பி நடுவில் உட்கார்ந்திருந்தான். இடது கையைத் துண்டால் சுற்றி மார்போடு அணைத்திருந்தான், துண்டு முழுக்கச் சிவப்பு. அலை தூக்கியபோது கயிறு விரல்களைச் சுற்றிக்கொண்டு இழுத்துவிட்டதாம். சுண்டு விரலும் மோதிர விரலும் போயின. ஆட்டோவில் ஏற்றும்போது அவன் அக்காவைப் பார்த்து, உசுர் கீதுக்கா, அழாத என்றான். அக்கா அழவில்லை. என் கையை விட்டுவிட்டு ஆட்டோவில் ஏறினார். ஏறும்போது என் பக்கம் திரும்பவே இல்லை.

அன்று மத்தியானம் அலுவலகத்துக்குப் போனதும் நேராக அதிகாரியிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் கப்பல் தாளையும் நான் எழுதிய தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இனிமேல் கவனமாக இருக்கும்படி எனக்கு ஒரு குறிப்பு எழுதிக் கோப்பில் வைத்தார். புகார் ஒன்றும் வரவில்லை, இத்தோடு விடுங்கள் என்றார். அவர் என்னைக் காப்பாற்றத்தான் நினைத்தார், அதை நான் குறை சொல்ல முடியாது. ஆனால் அன்று இரண்டே வரியில் எல்லாம் முடிந்துபோனது எனக்குத் தாங்கவில்லை. தீபாவளிக்கு அந்த மயில் கழுத்துப் புடவையை நான் கட்டவில்லை. ஏன் என்று நாத்தனார் கேட்டதற்கு நிறம் பிடிக்கவில்லை என்று பொய் சொன்னேன். அக்கா எங்கள் தெருவுக்கு வருவதை நிறுத்திவிட்டிருந்தார். பக்கத்துத் தெருவுக்கு வருகிறார், இங்கே மட்டும் வருவதில்லை என்று கீழ் வீட்டு அம்மா சொன்னார். பத்தாம் நாள் வேலையை விடுவதாகக் கடிதம் எழுதி மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு குப்பத்துக்குப் போனேன். கொடுப்பதற்கு முன்னால் அவர்களிடம் சொல்லிவிட்டுக் கொடுக்க வேண்டும் என்று ஒரு எண்ணம். இப்போது யோசித்தால், அந்தக் கடிதத்தைக் காட்டி மன்னிப்பு வாங்கப் போயிருக்கிறேன் என்றுதான் படுகிறது.

வீட்டு வாசலில் தம்பி உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருந்தான். நூலைக் கால் கட்டைவிரலில் மாட்டி, கட்டுப்போட்ட கையின் மிச்ச விரல்களால் இழுத்துப் பிடித்து, வலது கையால் முடிச்சுப் போட்டான். அவனுக்கு அப்போது இருபத்தைந்து வயது இருக்கும். அக்கா அரிசி களைந்துகொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார், வா என்றும் சொல்லவில்லை போ என்றும் சொல்லவில்லை. நானே தரையில் உட்கார்ந்தேன். தம்பியிடம், பூஜ்யத்திலிருந்து ஆரம்பித்து, புடவைக் கடைக்குப் போக அவசரப்பட்டது வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னேன். அவன் கேட்டுக்கொண்டே முடிச்சுப் போட்டான். கடல்ல போறவனுக்குக் கை கால் போறது புதுசா மேடம், வுடுங்க என்றான்.

“நீ சும்மா இரு” என்றார் அக்கா. “உன் பெருந்தன்மையெல்லாம் வேணாம்.”

நான் கடிதத்தை எடுத்து, வேலையை விட்டுவிடப் போகிறேன், இனிமேல் அந்தச் சேதியை எழுத எனக்கு யோக்கியதை இல்லை என்றேன். அழுகை வந்துவிட்டது. அக்கா அரிசிக் குண்டானைக் கீழே வைத்துவிட்டு வந்தார். அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான்.

“இவன் ரெண்டு விரலக் குடுத்து நீ ஒண்ணு கத்துக்கின. அதத் தூக்கிக்கினு வூட்ல போய்க் குந்திக்கினா எப்டி? அது உன்னுதா? எங்களுது. நீ போனா நாளைக்கு வேற ஒருத்தி வருவா, அவளுக்கு இந்தப் பயம் இருக்குமா? ஒயுங்கா போய் எழுது.”

அந்தக் கடிதத்தை அங்கேயே கிழித்தேன். மன்னித்தேன் என்று அவர் அன்றும் சொல்லவில்லை, அதற்குப் பிறகும் ஒருநாளும் சொன்னதில்லை. இன்று யோசிக்கும்போது அதற்காகத்தான் அவருக்கு அதிகமாக நன்றி சொல்லத் தோன்றுகிறது. மன்னித்திருந்தால் நான் நிம்மதியாகி, நாலு மாதத்தில் எல்லாவற்றையும் மறந்திருப்பேன். மறுநாள் காலை அன்னக்கூடை எங்கள் படியில் வந்து இறங்கியது. மீனைக் காட்டுவதற்கு முன்னால் ஒரே கேள்வி கேட்டார். “நேத்து கூட்டனியா?” கூட்டினேன் அக்கா என்றேன். அன்றிலிருந்து நாங்கள் அந்த வீட்டைக் காலி செய்துகொண்டு போகும்வரை, ஐந்து வருடம், தினமும் அதே கேள்வி. நான் வாசல் பெருக்கினேனா என்று மீன்காரி ஏன் தினமும் விசாரிக்கிறாள் என்று கீழ் வீட்டு அம்மாவுக்கு ஒரே குழப்பம்.

அலுவலகத்தில் நான் இரண்டு வழக்கங்களைக் கொண்டுவந்தேன். கடல் சேதியில் நள்ளிரவு என்ற சொல்லே வரக் கூடாது, மணியை எண்ணால்தான் எழுத வேண்டும். எழுதியவரைத் தவிர இன்னொருவர் அந்த மணியை உரக்கப் படித்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் தாள் வாசிப்பவரிடம் போகும். இதற்காக என்னைப் பைத்தியம் என்றவர்கள் உண்டு. வேலை நிரந்தரமானது, தலை நரைத்தது, தாள் போய்க் கணினி வந்தது. இன்றைக்குக் குப்பத்தில் பையன்கள் கைபேசியிலேயே காற்றையும் அலையையும் வண்ண வண்ணமாகப் பார்த்துக்கொள்கிறார்கள். அந்தமானிலிருந்து லட்சத்தீவு வரை எல்லாம் ஒரு விரல் நகர்த்தலில் தெரிகிறது. நல்லதுதான், எனக்கு இதில் ஒரு வருத்தமும் இல்லை. ஆனாலும் அந்த வண்ணங்களுக்குப் பின்னால் எங்கேயோ ஒருவர் உட்கார்ந்து ஒரு மணியைப் போட்டிருப்பார், அவருக்கும் அன்று எங்கேயாவது போக அவசரம் இருக்கலாம் என்று எனக்கு ஒரு நினைப்பு வரும்.

ஓய்வு பெற்ற வாரத்தில் குப்பத்துக்குப் போனேன். அக்காவுக்கு முழங்கால் போய்விட்டது, கூடை தூக்குவதை விட்டுப் பல வருடம் ஆகிறது, தம்பி வீட்டில்தான் இருக்கிறார். தம்பிக்கும் மீசை வெளுத்துவிட்டது. இடது கையில் மூன்று விரலோடு இத்தனை வருடமும் கடலுக்குப் போய் இரண்டு பெண்களுக்குக் கல்யாணம் செய்துவைத்துவிட்டான். வேலை முடிந்துவிட்டது அக்கா, இனிமேல் நான் எழுத மாட்டேன் என்றேன். வாழ்த்துவார் என்று நினைத்தேன்.

“உன் எடத்துல யாரு?” என்றார்.

ஒரு சின்னப் பெண், புதிதாக வந்திருக்கிறாள், கெட்டிக்காரி என்றேன். அவளுக்குச் சொல்லிக் கொடுத்தாயா என்றார். எல்லாம் சொல்லிக் கொடுத்துவிட்டேன், எழுதியும் வைத்திருக்கிறேன் என்றேன். அக்காவுக்கு அது போதவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. எழுதி வைத்ததன் மேல்தானே நான் கைப்பையை வைத்தேன்.

தம்பி தொண்டையைச் செருமிக்கொண்டான். “அந்தப் பொண்ண ஒரு தபா இங்க இட்டுக்கினு வாங்க மேடம்” என்றான். “நான் கையக் காட்டறேன்.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு போனேன்.